வயர்மேன் இஞ்ஞாசிமுத்து கேட்ட கடைசிக் கேள்வி

இந்தக் கூட்டத்தை நடத்தித் தரும் பம்ப்செட் விவசாயிகள் சங்கத் தலைவர் கோட்டைச்சாமி அய்யா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, இராயப்பன்பட்டியில் இருந்தும் சின்னமனூரில் இருந்தும் வந்திருக்கும் வயர்மேன் சகோதரர்களே, முன் வரிசையில் இருக்கும், இஞ்ஞாசிமுத்து அண்ணனின் துணைவியார் இருதயம்மாள் அக்கா அவர்களே, வேலை முடிந்து கை கால் கழுவிய ஈரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் முருகம்மாள். மேற்குத் தோட்டம் பலவேசத்தின் மகள். எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் நான் பேசி உங்களில் யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆகவே எழுதி வைத்துப் படிக்கிறேன். தாள் நடுங்கினால் காற்று அடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயரைக் கூப்பிட்ட பிறகும் நான் பத்து நிமிடம் மேடை ஏறவில்லை. பயந்து ஓடிவிட்டேன் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். நான் போனது மைக்செட்காரரிடம். அவர் இரண்டு மொட்டைக் கம்பிகளைப் பிளக்குத் துளையில் நுழைத்துத் தீக்குச்சி சொருகி வைத்திருந்தார். மைக் பெட்டிக்கு எர்த் எங்கே என்று கேட்டேன். பதினைந்து வருடமாக இப்படித்தான் போடுகிறேன், ஒருவரும் சாகவில்லை என்றார். இன்றைக்கு யாருக்காக மைக் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்து போய் மூன்று கால் பிளக்கு மாட்டினார். மேடையில் இருக்கும் சின்னமனூர் வயர்மேன் அண்ணன் இறங்கி வந்து, இந்தக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் எர்த் குழியில் இருந்து பெட்டிக்குக் கம்பி இழுத்துக் கொடுத்தார். அந்தக் குழியைத் தோண்டியது யார்? வயர்மேன் இஞ்ஞாசிமுத்து அவர்கள். அதனால்தான் இந்த மைக்கை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். இந்த நிமிடமும் நமக்குக் காவலாக நிற்பது அவருடைய வேலைதான்.

யார் இந்த இஞ்ஞாசிமுத்து? இராயப்பன்பட்டியில் பிறந்தவர். அறுபத்தேழாம் வருடம் நம் கோம்பைக் கடைத்தெருவில் ஒரு மேசை, ஒரு ஏணி, ஒரு சைக்கிள், கண்ணாடிச் சட்டம் போட்ட லைசென்ஸ், இவ்வளவையும் வைத்துக் கடை திறந்தவர். அப்போதுதான் தோட்டங்களில் மாடு பூட்டி இறைக்கும் கமலை நின்று மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது. பன்னிரண்டு வருடத்தில் இந்த மலையடிவாரத்தில் நூற்றுப் பதினெட்டு மோட்டார்களுக்கு அவர் கம்பி இழுத்தார். நூற்றுப் பதினெட்டு மோட்டார்! அவற்றில் எதையாவது தொட்டு எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளை போனது உண்டா? யாராவது எழுந்து சொல்லுங்கள். யாரும் எழ மாட்டீர்கள். எனக்குத் தெரியும்.

வேறு ஆட்கள் வந்தால் முதலில் மோட்டாரை இறக்கச் சொல்வார்கள். இவர் வந்தால் முதலில் மண்வெட்டி கேட்பார். மோட்டார் வண்டியிலேயே கிடக்கும். ஆள் உயரத்துக்கு மேல் குழி வெட்டி, இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்புமாக மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பி, அந்தக் குழாயில் இருந்து மோட்டாரின் உடம்புக்கு இரண்டு ஜி.ஐ. கம்பிகளை இழுத்து முறுக்கிய பிறகுதான் மற்ற வேலை. ஒரு கம்பி போதாதா என்று கேட்டால், "எனக்குப் போதும். என்னைக்காவது ஒண்ணு அறுந்துபோற அன்னைக்கு உனக்குப் போதாது" என்பார்.

அவர் உப்பையும் கரியையும் அள்ளிப் போடுவதைப் பார்த்த எங்கள் அம்மா அன்னத்தாய், அது ஏதோ சடங்கு என்று நினைத்து உள்ளே போய்ச் சூடம் எடுத்து வந்துவிட்டார். மறுநாள் குழாயின் தலைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டார். இவர் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர் ஆயிற்றே, கோபித்துக்கொள்வாரோ என்று அப்பா தயங்கினார். "சாமியாக் கும்பிட்டாலும் சரி, மாமியாராத் திட்டிக்கிட்டே ஊத்துனாலும் சரி. தினம் ஒரு குடம் தண்ணி ஊத்துனாச் சரித்தான்" என்று சொல்லிவிட்டு இவர் சைக்கிளில் ஏறினார்.

தண்ணீர் ஊற்றும் வேலையை அவர் ஆண்களிடம் விட்டதே இல்லை. குழி காய்ந்தால் கம்பி இருந்தும் பயன் இல்லை என்பதைப் பெண்களைக் கூப்பிட்டு வைத்துத்தான் சொன்னார். ஆண்களுக்கு மழை பெய்தால் மறந்துபோகும், சீட்டாட்டம் இருந்தால் மறந்துபோகும், பெண்கள் அரிசி களைந்த தண்ணீரை எப்படியும் எங்காவது கொட்டத்தானே போகிறார்கள் என்பார். சித்திரை மாதத்தில் ஒரு விளக்கோடு வந்து நிற்பார். அது ஒரு பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு கம்பி. அவ்வளவுதான். ஒரு கம்பியைக் கரண்ட் வரும் முனையிலும் மறு கம்பியை எர்த் குழாயிலும் வைப்பார். குழி ஈரமாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். காய்ந்திருந்தால் மங்கலாகச் சிவந்து நிற்கும். "பாரு, அழுவுது. தண்ணி குடுத்துச் சிரிக்க வை" என்பார். நாங்கள் ஊற்றுவோம். அவர் திரும்ப வைத்துக் காட்டுவார். பல்பு சிரிக்கும். எங்கள் தெருவில் பெண்கள் ஒருவரை ஒருவர் இன்றைக்கும் எப்படிக் கேட்டுக்கொள்கிறோம்? ஒங்க குழி சிரிக்குதா என்றுதானே கேட்கிறோம்!

தங்கபாண்டி மாமா இங்கே இருக்கிறார். அவர் என்னை மன்னிக்க வேண்டும். அந்தக் கதையைச் சொல்லாமல் இஞ்ஞாசிமுத்து அண்ணனைப் பற்றிச் சொல்ல முடியாது. எர்த் கம்பி வழியாக இரவும் பகலும் கரண்ட் மண்ணுக்குள் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, மீட்டர் அதனால்தான் ஓடுகிறது என்று மாமா நினைத்தார். அவர் ஒருவர் மட்டுமா நினைத்தார்? பாதி ஊர் நினைத்தது. கம்பியை அறுத்துவிட அரிவாளோடு நின்றார். அண்ணன் தடுக்கவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு மீட்டர் பெட்டிக்கு முன்னால் மாமாவை உட்கார வைத்தார்.

"வட்டு சுத்துதா?"

"சுத்தல."

"எர்த் கம்பி இருக்கா?"

"இருக்கு."

"பின்ன?"

"நீ இருக்கையில சுத்தாதுய்யா. ஒனக்குப் பயப்படுது. நீ அங்கிட்டுப் போனதும் சுத்தும்."

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? சோற்றுச் சட்டியைத் திறந்து அங்கேயே சாப்பிட்டார். மரத்தடிக்குப் போய்ப் படுத்துவிட்டார். மாமா தனியாக மீட்டரைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். வட்டு அசையவில்லை. அப்புறம்தான் அவருக்கு விளக்கமாகச் சொன்னாராம். அதை மாமாவே எங்கள் வீட்டில் வந்து சொன்னார். அண்ணன் சொன்னது இதுதான்: "மோட்டார் நல்லா இருக்குறவரைக்கும் இந்தக் கம்பிக்கு ஒரு வேலையும் இல்ல. சும்மா கிடக்கும். உள்ள இருக்குற சுருள் கெட்டு, கரண்ட் இரும்புல ஏறிச்சுன்னா அன்னைக்குத்தான் வேலை. தண்ணிக்குப் பெரிய மடையத் தொறந்து விட்டா எலி வளையிலயா முட்டும்? அந்த மாதிரி. இந்தக் கம்பி பெரிய மடை. உன் உடம்பு எலி வளை. இங்கிட்டுக் குபீர்னு பாய்ஞ்சா பீஸ் கட்டை போயிரும், மோட்டார் நின்னுரும், நீ நிப்ப."

மோட்டார் நின்றுவிடும், நீ நிற்பாய். இதைவிட எளிதாக ஒரு படித்தவர் சொல்லிவிட முடியுமா?

சங்கத் தலைவர் கோட்டைச்சாமி அய்யா ஒருமுறை கடைத்தெருவில் நின்று சத்தம் போட்டாராம். நீ எர்த் போட்டதில் இருந்து என் மோட்டாரில் பீஸ் போய்க்கொண்டே இருக்கிறது, நட்டு இரண்டு மாதம் ஆகாத கன்று வாடுகிறது என்று. அண்ணன் வந்து பார்த்தார். மோட்டாரின் சுருள் எரிந்து, இரும்பெல்லாம் கரண்ட் ஏறியிருந்தது. அந்த மோட்டாரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு அய்யாவின் எருமை நின்றுகொண்டிருந்தது.

"பீஸ் போச்சு, சரி. எருமை போகலயில்ல?" என்றாராம்.

அய்யா சிரிக்கிறார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது யாருக்கும் தெரியாது. எனக்குப் பேச வராது என்பது அவருக்குத் தெரியும். என்னிடம் அவர் எதையும், ஏன், எப்படி, எங்கே என்று கேட்டது இல்லை. தலையாட்டினால் போதும் என்கிற கேள்வியாகத்தான் கேட்பார். அப்பா இருக்காகளா? மோட்டார் ஓடுதா? குழிக்குத் தண்ணி ஊத்துனியா? நான் தலையாட்டுவேன். அவர் போய் வேலையைப் பார்ப்பார். இந்த ஊரில் என் கூச்சத்தைக் கேலி செய்யாத ஆள் அவர் ஒருவர்தான். அந்த மரியாதையை அவர் எனக்குக் கொடுத்தார்.

பெரியோர்களே, இனிமேல் நான் சொல்லப் போவதை இடையில் நிறுத்தாமல் கேட்க வேண்டுகிறேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னால், எங்கள் திராட்சைத் தோட்டத்தில், கரண்ட் பாய்ந்து அவர் இறந்தார். அன்றில் இருந்து ஊரில் ஒரு பேச்சு. என்ன பேச்சு? எர்த் எர்த் என்று சொன்னவரே கரண்டில் போனார். பலவேசம் தோட்டத்தில் எர்த் கம்பி குழியில் இருந்தது, எல்லோரும் பார்த்தோம். அந்தக் குழிதான் கரண்டைக் கக்கியிருக்கிறது. மழை ஈரத்தில் அது பரவித் திராட்சைக் கொடி படரும் கம்பிப் பந்தலில் ஏறியிருக்கிறது. இப்படிப் பேசினோம். பேசியதோடு நின்றோமா? அறுத்தோம். நேற்று வரைக்கும் பதினான்கு தோட்டங்களில் எர்த் கம்பியை அறுத்திருக்கிறோம். சாயங்காலம் வரை மீட்டரைப் பார்த்த தங்கபாண்டி மாமாவும் அறுத்தார். அறுத்த மூன்றாம் நாள் அவருடைய கிடேரிக் கன்று மோட்டாரை நக்கிச் செத்தது. மாமா, அது நக்கிய இடத்தில் ஒங்க பேத்தி தினமும் கை கழுவுகிறாள்.

அந்தப் பேச்சு பொய். குழி கக்கவில்லை. எர்த் அவரைக் கொல்லவில்லை. எர்த் இல்லாததுதான் அவரைக் கொன்றது. எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே இருந்தேன்.

போன ஆடியில் அடித்த காற்று உங்களுக்கு நினைவு இருக்கும். காய் தொங்கும் நேரத்தில் எங்கள் பந்தலின் ஒரு மூலை சாய்ந்தது. கட்டுவதற்குக் கம்பி இல்லை. மோட்டாரில் இருந்து குழிக்குப் போகும் இரண்டு கம்பியில் ஒன்றை அப்பா அறுத்துப் பந்தலைக் கட்டினார். சும்மா கிடக்கிற கம்பிதானே என்று நினைத்தார். நம்மில் எத்தனை பேர் அப்படி எடுத்திருக்கிறோம்? பிறகு குழி இருந்த பக்கம் புதிதாகக் கன்று வைக்கப் பாத்தி எடுத்தபோது மீதி இருந்த கம்பி குறுக்கே கிடந்தது. அதன் முனையைக் குழாயில் இருந்து அவிழ்த்துப் பக்கத்தில் இருந்த பந்தல் கம்பியில் முறுக்கிவிட்டார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பந்தலின் கல்லுக்கால் மண்ணுக்குள்தானே நிற்கிறது, அதுவும் எர்த்துதானே என்று நினைத்தார். கல் கரண்டைக் கொண்டுபோகாது என்று அப்பாவுக்குத் தெரியாது. ஆக, எங்கள் மோட்டார் கெடுகிற அன்றைக்கு எங்கள் பந்தல் முழுவதும் கரண்ட் ஏறும்படி நாங்களே கட்டி வைத்திருந்தோம்.

மோட்டார் கெட்டது. தொட்டால் சுள்ளென்றது. அப்பா சனிக்கிழமை அண்ணனிடம் சொல்லிவிட்டார். ஞாயிறு காலை எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் விடும் முறை. அன்றைய பாய்ச்சலை விட மனமில்லாமல் மோட்டாரைப் போட்டுவிட்டு, திராட்சைக்குப் பெட்டி வாங்க உத்தமபாளையம் கிளம்பினார். கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "வயர்மேன் வந்து கேட்டாகன்னா எல்லாம் இருந்தபடி இருக்குன்னு சொல்லு. தெரிஞ்சாச் சத்தம் போடுவாக. நான் வந்து பேசிக்கிறேன்."

கோயிலில் பூசை முடிந்து நேராக வந்தார். வெள்ளைச் சட்டை. வழக்கம்போல வரப்பிலேயே செருப்பைக் கழற்றினார். விளைகிற மண்ணில் செருப்போடு நடக்க மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். இரவு பெய்த மழையில் தரை சொதசொதவென்று இருந்தது.

"என்னாத்தா, குழிக்குத் தண்ணி ஊத்துனியா?"

தலையாட்டினேன்.

"கம்பி ரெண்டும் இருக்குல்ல?"

தலையாட்டினேன்.

அவர் சிரித்துவிட்டு, மோட்டார் கொட்டகைக்குப் போகப் பந்தலுக்குள் நுழைந்தார். உயரமான ஆள். ஐந்தாவது அடியில் நிமிர்ந்து பந்தல் கம்பியைக் கையால் விலக்கினார்.

அவ்வளவுதான்.

கம்பி இரண்டும் குழியில் இருந்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அவர் உள்ளே நுழைந்திருக்கவே மாட்டார். வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய் மெயினை இறக்கியிருப்பார். அவர் என்னை நம்பினார். இதை நான் அழுவதற்காகச் சொல்லவில்லை. நடந்தது எப்படி என்று நீங்கள் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

அந்த நேரத்தில் சங்கிலியம்மாள் அக்கா, திராட்சை பறிக்க எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கூடையோடு வந்துகொண்டிருந்தார். அண்ணன் விழுந்ததைப் பார்த்ததும் தூக்குவதற்கு ஓடி வந்தார்கள். உள்ள வராதீங்க, பந்தலத் தொடாதீங்க என்று கத்தினேன். என் குரலை அவர்கள் முதல் தடவையாகக் கேட்டதால்தான் திகைத்து நின்றார்கள் என்று அக்கா சொல்கிறார். நான் வாய்க்கால் கரையோடு ஓடி, மோட்டார் கொட்டகைக்குப் பின்பக்கமாக நுழைந்து, காய்ந்த மூங்கில் கழியால் மெயினைத் தட்டி இறக்கினேன். தூக்கும்போது அவருக்கு மூச்சு இல்லை. அண்ணன் அன்றைக்குக் கால்மணி நேரம் பிந்தி வந்திருந்தால், ஒன்பது பெண்கள் அந்தப் பந்தலுக்குள் கையை உயர்த்திக்கொண்டு நின்றிருப்பார்கள். ஒன்பது வீட்டு அடுப்பு இன்றைக்கு எரிகிறது என்றால் அதற்கு என்ன காரணம் என்று எண்ணிப் பாருங்கள்.

பெட்டியோடு வந்த அப்பா, எல்லோரும் அண்ணனை ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன நேரத்தில், பந்தலில் இருந்து கம்பியை அவிழ்த்துக் குழாயில் கட்டினார். அழுதுகொண்டே கட்டினார். அதைத்தான் நீங்கள் பிறகு வந்து பார்த்தீர்கள். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

கன்று செத்த அன்றைக்கு நான் கடைத்தெருவுக்கு நடந்தேன். இருதயம்மாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். நான் குடித்து முடித்தேன். பிறகு கேட்டார்.

"வேற யாருட்டச் சொன்ன?"

"யாருட்டயும் இல்லக்கா."

"எங்கிட்டச் சொன்னா எனக்குத்தான தெரியும். கம்பிய அறுத்தவுகளுக்கு எப்படித் தெரியும்? அவுக போயிட்டாக. அவுக போட்ட கம்பியும் போகணுமா? ஞாயித்துக்கிழமை மைக்குல சொல்லு."

"எனக்குப் பேச வராதுக்கா."

"சங்கிலியம்மாளையும் கூட வந்தவளுகளையும் நிப்பாட்டுனியே, அது பேச்சில்லாம என்ன? இருமலா?"

அழ வேண்டியவர் என்னைச் சிரிக்க வைத்து அனுப்பினார். அப்படிப்பட்ட மனிதருக்கு அப்படிப்பட்ட துணைவியார்.

அப்பாவிடம் சொன்னேன். மைக்கில் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். புதிதாக வைத்திருந்த கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டு, குழியைச் சுற்றி இருந்த பாத்தியை வெட்டிச் சமன் செய்துகொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே, "சொல்லு" என்றார். "என் பேரச் சொல்லியே சொல்லு. ஊர்ல எவனாச்சும் பந்தல்ல கட்டியிருந்தா அவிழ்ப்பான்" என்றார். அவர் இப்போது கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார். நாளைக் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அவரே நடந்ததைச் சொல்லப் போகிறார். கேட்டதற்குத் தலையாட்டியவள் நான் என்பதால் நானும் கூடப் போகிறேன். என்ன வருகிறதோ வரட்டும். அவரை யாரும் அடிக்க வேண்டாம், யாரும் தேற்றவும் வேண்டாம். உங்கள் தோட்டத்துக்குப் போய்க் கம்பியைப் பாருங்கள். எங்களுக்கு அது போதும்.

சகோதரர்களே, தாய்மார்களே, மாலை போட வந்திருக்கிறோம். போடுவோம். ஆனால் இஞ்ஞாசிமுத்து என்ற மனிதர் மாலைக்கு ஆசைப்பட்டவரா? மண்வெட்டி கேட்டவர். உப்பும் கரியும் கேட்டவர். தினம் ஒரு குடம் தண்ணீர் கேட்டவர். அவர் கேட்டதைக் கொடுப்போம்.

சின்னமனூர் வயர்மேன் அண்ணன் நாளை மறுநாள் முதல் நம் ஊரில் ஒரு வாரம் தங்கி, அறுத்த கம்பிகளை எல்லாம் திரும்பக் கட்டிக் கொடுப்பதாக இருதயம்மாள் அக்காவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவருக்கு முன்னால் நான் வருவேன். கம்பியைத் தொட மாட்டேன். அது லைசென்ஸ் உள்ளவர்கள் வேலை. மோட்டாரில் இருந்து குழி வரைக்கும் நடந்து பார்ப்பேன். கம்பி இரண்டும் இருக்கிறதா, எங்கே போய் முடிகிறது, பந்தலிலா, வேலியிலா, குழாயிலா என்று பார்ப்பேன். இல்லை என்றால் இல்லை என்று வாயால் சொல்வேன். வாசலில் நின்று சொல்வேன், நாலு பேர் கேட்கச் சொல்வேன். என்னைத் திட்டுங்கள். நாயை அவிழ்த்து விடுங்கள். நம் ஊர் நாய்க்குப் பயப்படாதவர் யாரும் இல்லை, நானும் பயப்படுவேன். ஆனால் மறுநாளும் வருவேன். நூற்றுப் பதினெட்டு மோட்டாரும் பார்த்து முடிகிற வரைக்கும் வருவேன்.

தாய்மார்களே, குழிக்குத் தண்ணீர் நம் பொறுப்பு. அவர் நம்மை நம்பி விட்டுப் போனது. வருகிற சித்திரையில் ஒவ்வொரு தோட்டத்திலும் அந்தப் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரிய வைப்போம். அவருடைய கடையில் அந்த விளக்கு அப்படியே ஆணியில் தொங்குகிறது. இருதயம்மாள் அக்கா தினமும் அதைத் துடைத்து வைக்கிறார்.

கடைசியாக ஒன்று. அண்ணன் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கக் கூடாது. உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். இதைத் தாளில் எழுதவில்லை.

இல்லண்ணே. கம்பி ரெண்டும் குழியில இல்ல. உள்ள வராதீக.